நாட்டுத் தக்காளியில் நாடு எங்கே?

(மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் - தாவரவியல்)

ஊரின் பெயரைப் பொருளின்மேல் ஏற்றிச் சொல்வது நம் வழக்கம். திண்டுக்கல் பூட்டு என்கிறோம். மணப்பாறை முறுக்கு என்கிறோம். மதுரை மல்லி என்கிறோம். அப்படி ஓர் ஊரின் பெயரோடு வழங்கிய தக்காளி ஒன்றும் இருந்தது என்றால் நம் வகுப்புத் தோழர்களிலேயே பலர் வியப்படைவர். தேனியை அடுத்து அன்னஞ்சி என்றோர் ஊர் இருக்கிறது. அதே பெயரால் வழங்கிய உள்ளூர்த் தக்காளியிலிருந்துதான், தமிழ்நாட்டு உழவர்கள் பல்லாண்டுகள் விரும்பிப் பயிரிட்ட பி.கே.எம். 1 என்னும் ரகம் பிறந்தது. பிள்ளையின் பெயர் பல்கலைக்கழகத்தின் பட்டியலில் இருக்கிறது. தாயின் பெயரைச் சொல்வார் அரிதாகிவிட்டனர்.

இன்று நகரத்து மக்கள் முதல் நம் விடுதிச் சமையற்காரர் வரை அனைவரும் "நாட்டுத் தக்காளி இருக்கிறதா?" என்றுதான் கடையில் கேட்கிறார்கள். கடைக்காரரும் இருக்கிறது என்கிறார். ஒரு கூடையில் நீள்வடிவப் பழம். அதற்குப் 'பெங்களூர்த் தக்காளி' என்று பெயர். மறு கூடையில் உருண்டைப் பழம். அதற்கு 'நாடு' என்று பெயர். உருண்டையாகவும் சற்றுப் புளிப்பாகவும் இருந்தால் அது நாட்டுப் பழம் ஆகிவிடுமா? அந்த உருண்டைப் பழத்தின் விதையும் வெள்ளித்தாள் பையில் கிராம் கணக்கில் விலைக்கு வந்ததாயிருந்தால் அதில் நாடு எங்கே இருக்கிறது?

என் கருத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். நாட்டுத் தக்காளி என்பது பழத்தின் வடிவத்தைப் பொறுத்த பெயராக இருக்கக்கூடாது. விதை யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்த பெயராக இருக்கவேண்டும். கடந்த ஐம்பது ஆண்டுகளில் தக்காளிச் சாகுபடியில் நேர்ந்த மாற்றங்கள் பல. அவற்றுள் பெரிய மாற்றம் விதை உழவனின் கையை விட்டுப் போனதே. மற்ற மாற்றங்களை நான் வரவேற்கிறேன். இந்த ஒன்றை மட்டும் ஏற்க மனம் வரவில்லை.

சீமையிலிருந்து வந்த விருந்தாளி

முதலில் ஒரு மயக்கத்தைத் தெளிவித்துக்கொள்வோம். தக்காளி நம் மண்ணில் தோன்றிய செடி அன்று. தென் அமெரிக்காவின் மேற்குப் பகுதியில், பெரு, எக்குவடோர் நாடுகளில், அதன் காட்டு உறவினங்கள் இன்றும் வளர்கின்றன. அதைப் பெரும் பழமாக வளர்த்தெடுத்த பெருமை மெக்சிகோ நாட்டுப் பழங்குடி மக்களைச் சேரும். 'டொமாட்டோ' என்னும் சொல்லே அவர்களுடைய நாவாட்டில் மொழியிலிருந்து வந்ததுதான். மிளகாயும் உருளைக்கிழங்கும் போலத் தக்காளியும் கப்பலேறி வந்த விருந்தாளி. திதி கொடுக்கும் நாளில் தக்காளியை அடுப்பில் ஏற்றாத குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. அது அயலிலிருந்து வந்தது என்பதைச் சமையலறை இன்னும் நினைவில் வைத்திருக்கிறது.

பெயரோ நம்முடையது. தக்காளி என்று நம் முன்னோர் அழைத்தது வேறொரு செடியை. காகிதக் கூடு போன்ற உறைக்குள் சின்னஞ்சிறு பழம் பழுக்குமே, சிறுவர்கள் நெற்றியில் சொடக்கி விளையாடுவார்களே, அந்தச் சொடக்குத் தக்காளியே பழைய தக்காளி. வயிற்றுப் புண்ணுக்கு மருந்தென்று நாம் உண்ணும் மணத்தக்காளியிலும் அந்தப் பெயர் இருக்கிறது. புதிதாக வந்த பழத்தைச் சீமைத் தக்காளி என்றனர். நாளடைவில் 'சீமை' உதிர்ந்துபோயிற்று. வந்தது தக்காளி ஆயிற்று. இருந்தது அடைமொழி ஒன்றைச் சூடிக்கொண்டு வேலியோரம் ஒதுங்கியது. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதை இதுதான்.

அப்படியானால் நாட்டுத் தக்காளி என்ற சொல்லுக்கே பொருள் இல்லையா? உண்டு. எங்கிருந்து வந்த செடியாயினும், அது ஓரிடத்தில் தலைமுறை தலைமுறையாக விதைக்கப்பட்டு, அவ்விடத்து வெயிலையும் காற்றையும் தாங்கியவை மட்டும் மறுவிதைக்கு எடுக்கப்பட்டு வருமானால், அது அம்மண்ணின் செடியாகிவிடுகிறது. இதை உள்ளூர் இனம் என்று நாம் வகுப்பில் படிக்கிறோம். பிறப்பால் வருவதன்று இந்த உரிமை, வளர்ப்பால் வருவது.

இவ்வளர்ப்புக்குத் தக்காளி மிகவும் ஏற்ற செடி. அதன் பூவில் மகரந்தத் தாள்கள் ஒன்றுகூடிக் குழல்போல் சூல்தண்டைச் சூழ்ந்து நிற்கின்றன. ஆகவே பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கையே நடைபெறுகிறது. நல்ல பழத்தின் விதையை எடுத்து வைத்தால் அடுத்த பட்டத்திலும் ஏறத்தாழ அதே பழம் கிடைக்கும். இதை அறியப் பள்ளிக்கூடம் போகவேண்டியதில்லை. என் அப்பத்தா முதல் பறிப்பையும் கடைசிப் பறிப்பையும் விட்டுவிட்டு நடுப்பறிப்பில் திரண்ட பழமாகப் பார்த்து விதைக்கு எடுப்பார். பிசைந்து மண்சட்டியில் ஓர் இரவு வைத்திருந்து, மறுநாள் அலசி, சாம்பலில் புரட்டி, நிழலில் உலர்த்தித் துணியில் முடிந்து வைப்பார். ஏன் ஓர் இரவு என்று கேட்டால், "அந்தக் கொழகொழப்பு போகணும்ப்பா, இல்லாட்டி மொளைக்காது" என்பதுதான் விடை. விதையைச் சூழ்ந்த பசைப்பொருள் முளைப்பதைத் தடுக்கிறது, நொதித்தலால் அது கரைகிறது என்று நாம் செய்முறை ஏட்டில் எழுதுவதும் இதே விடைதான்.

அன்னஞ்சியிலிருந்து பெரியகுளத்துக்கு

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1971இல் தொடங்கப்பட்டது. கோவையில் கோ 1, கோ 2, கோ 3 என்னும் தக்காளி ரகங்கள் உருவாயின. கோ 1 ரகத்திலிருந்து திடீர் மாற்றத்தால் பெற்ற கோ 3க்கு 'மருதம்' என்று அழகான பெயரும் சூட்டினர். பெரியகுளத்தில் உள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தார் அன்னஞ்சி என்னும் உள்ளூர்த் தக்காளியை எடுத்துக்கொண்டு, அதில் திடீர் மாற்றத்தைத் தூண்டி, வந்தவற்றுள் சிறந்ததைத் தேர்ந்தெடுத்தனர். அதுவே பி.கே.எம். 1. பெரியகுளம் என்னும் பெயரின் சுருக்கந்தான் அந்த ஆங்கில எழுத்துகள்.

பழம் தட்டையான உருண்டை. காம்பைச் சுற்றிலும் பச்சை நிறத் தோள். 135 நாட்களில் பயிர் முடியும். எக்டேருக்கு 30 முதல் 35 டன் மகசூல். தொலைதூரம் அனுப்பினாலும் தாங்கும். பல்கலைக்கழகம் தரும் விவரம் இது. இவற்றுள் கடைசியாகச் சொன்னதைச் சற்றே நின்று நோக்குங்கள். தொலைதூரம் தாங்கவேண்டும் என்பது சமைப்பவரின் தேவையன்று; உண்பவரின் தேவையும் அன்று. லாரியின் தேவை அது. பக்கத்துச் சந்தைக்குத் தலைச்சுமையாகப் போய்க்கொண்டிருந்த பழம், இரவெல்லாம் லாரியில் பயணம் செய்து விடியற்காலையில் வேற்றூர் மண்டியில் இறங்கவேண்டிய காலம் வந்துவிட்டது. அன்றே பழத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையில் ஒரு பங்கு அடுப்பங்கரையிலிருந்து சாலைக்குப் போயிற்று.

ஆயினும் இதில் குறைகாண நான் முற்படவில்லை. உழவனுக்கு விலை கிடைக்கவேண்டுமானால் பழம் ஊர் கடக்கத்தான் வேண்டும். இன்னொன்றும் உண்டு. பி.கே.எம். 1 வீரிய ஒட்டு அன்று; நிலைத்த குணமுடைய ரகம். ஒருமுறை விதை வாங்கியவன் மறுமுறை தன் வயலிலேயே விதை எடுத்துக்கொள்ளலாம். ஆராய்ச்சி நிலையம் அன்னஞ்சியை வாங்கிக்கொண்டு, அதைச் சீர்திருத்தி, மீண்டும் அன்னஞ்சியின் கையிலேயே கொடுத்தது. அறிவியல் மக்களுக்குச் செய்யத்தக்க தொண்டு இதைவிட வேறென்ன?

விதை கைமாறிய கதை

அதே பத்தாண்டுகளில் வேறொரு வழியும் திறந்தது. 1973இல் பெங்களூரில் ஒரு தனியார் விதை நிறுவனம் வீரிய ஒட்டுத் தக்காளியை வெளியிட்டது. 1988இல் மத்திய அரசின் புதிய விதைக் கொள்கை வந்தது; வெளிநாட்டுக் காய்கறி விதைகள் உள்ளே வர வழி எளிதாயிற்று. அதன்பின் கடை கடையாக, ஊர் ஊராக வண்ணப் பைகள் வந்து தொங்கலாயின.

வீரிய ஒட்டு என்பது என்ன? வேறுவேறான இரு தூய வழிகளைத் தாயும் தந்தையுமாக வைத்துப் பெறும் முதல் தலைமுறை. கர்நாடகத்தில் ராணிபென்னூர்ப் பகுதியில் இந்த விதைத் தொழில் பெரிய அளவில் நடக்கிறது. பூ மலர்வதற்கு முன்பே இடுக்கியால் மகரந்தத் தாள்களைக் களைந்து, மறுநாள் வேறு செடியின் மகரந்தத்தைக் கையால் தடவவேண்டும். ஒவ்வொரு பூவுக்கும் இந்த வேலை. பெரும்பாலும் பெண்களின் கைவேலை. இப்படிப் பெற்ற முதல் தலைமுறை ஒரே சீராகவும் செழிப்பாகவும் காய்க்கும். அதன் பழத்திலிருந்து நாம் விதை எடுத்து ஊன்றினால், மெண்டல் 1866இல் பட்டாணியைக் கொண்டு எழுதிக் காட்டிய விதி வேலை செய்யும். குணங்கள் பிரிந்து, ஒரு செடி ஒருவிதமாகவும் மறுசெடி மறுவிதமாகவும் நிற்கும். சட்டம் போட்டு யாரும் தடுக்கவேண்டியதில்லை. மறுவிதைக்கு அஃது ஆகாது. ஒவ்வொரு பட்டத்துக்கும் உழவன் கடைக்குப் போயே தீரவேண்டும்.

இதனோடு சாகுபடி முறையும் மாறியது. முன்பு மேட்டுப்பாத்தி நாற்றங்காலில் விதைத்து, பிடுங்கி நட்டு, செடியைத் தரையிலேயே படரவிட்டனர். இன்று நிழல்வலைக்குள் குழித்தட்டில் தென்னைநார்க் கழிவில் நாற்று வளர்கிறது. நிலத்தில் சொட்டுநீர்க் குழாய், அதன்மேல் நிலப்போர்வை, ஒவ்வொரு செடிக்கும் குச்சி ஊன்றிக் கயிறு கட்டவேண்டும். தண்ணீர் மிச்சமாகிறது, களை குறைகிறது, பழம் மண்ணில் பட்டு அழுகுவதில்லை. மகசூல் பழைய ரகத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு வருகிறது. இவை யாவும் உண்மையான நன்மைகள். வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்த தலைமுறையின் பேரன் நான். சொட்டுநீரைப் பழிக்க எனக்கு வாய் வராது.

ஆனால் கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்கவேண்டாவா? விதை, நாற்று, குச்சி, கயிறு, போர்வை, மருந்து எல்லாம் காசு. செடி காய்க்குமுன்பே கடன் காய்த்துவிடுகிறது. தக்காளி விலையோ நமக்குத் தெரிந்ததுதான். 2023 ஜூலையில் விலை கிலோ நூறு ரூபாயைக் கடந்தபோது, சென்னையில் நியாயவிலைக் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்கும் நிலை வந்தது. வேறு மாதங்களில் அதே பழம் பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டாமல் சாலையோரத்தில் கொட்டப்படுகிறது. விலை விழுவது ரகத்தின் குற்றமன்று. அது சந்தையின் கோளாறு. ஆனால் விழும்போது எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறோம் என்பதை முதலீடே முடிவு செய்கிறது. சொந்த விதையில் விளைந்த தக்காளி விலை போகாவிட்டால் ஆடுமாடாவது மேய்ந்துவிட்டுப் போகும். கடனை எந்த மாடும் மேயாது.

எங்கள் குடும்பத்துக்கு நேர்ந்த ஒன்றை இங்கே சொல்லுகிறேன். 2022இல் என் தந்தையார் ஒரு நாற்றுப்பண்ணையில் முன்பணம் கட்டி நாற்று வாங்கி நட்டார். காய் பிடித்த பிறகுதான் அது கேட்ட ரகம் அன்று என்று தெரிந்தது. பழம் சிறுத்தது, மண்டியில் இரண்டாம் தரமாக ஒதுக்கினர். பண்ணையாரைக் கேட்டால் விதை நிறுவனத்தைக் கேளுங்கள் என்றார். எந்த நிறுவனத்தை, எந்த விதையை? ரசீதில் ரகத்தின் பெயரும் இல்லை, விதையின் குவியல் எண்ணும் இல்லை. ஒரு பட்டத்து உழைப்பு போயிற்று. பழத்தைப் பார்த்து விதையை அறியும் உழவன், இன்று பையைப் பார்த்தும் அறிய முடியாதவனாக நிற்கிறான். விதை கைமாறியது என்று நான் சொல்லுவது இதைத்தான். விதையோடு அறிவும் கைமாறிவிட்டது.

சுவை போன இடம்

"அந்தக் காலத்து ரசத்தின் மணம் இப்போது எங்கே?" என்று பெரியவர்கள் சொல்லும்போது நாம் சிரித்துவிடுகிறோம். வயதானால் நாக்கு மரத்துப்போகும் என்றும் கேலி பேசுகிறோம். அறிவியல் பெரியவர்கள் பக்கம் நிற்கிறது.

பழைய தக்காளியில் காம்பைச் சுற்றிப் பச்சைத் தோள் இருக்கும் என்றேன். வாங்குவோர் கண்ணுக்கு அது பழுக்காத இடம்போல் தோன்றும். ஆகவே மேலை நாட்டுப் பயிர்ப்பெருக்க அறிஞர்கள் காய் முழுவதும் ஒரே வெளிர்பச்சையாக இருந்து ஒரே சீராகச் சிவக்கும் வகையைப் பல பத்தாண்டுகளாகத் தேர்ந்தெடுத்து வந்தனர். 2012இல் வெளியான ஓர் ஆய்வு அதன் விலையைக் காட்டியது. சீரான நிறத்தைத் தரும் அந்த மாற்றம், காயில் பசுங்கணிகங்களை வளர்க்கும் மரபணு ஒன்றைச் செயலற்றதாக்குகிறது. பசுங்கணிகம் குறைந்தால் காயிலேயே உண்டாகும் சர்க்கரை குறைகிறது. அழகுக்காகத் தோளை நீக்கினர். தோளோடு இனிப்பில் ஒரு பகுதியும் போயிற்று. பி.கே.எம். 1 பழத்தின் பச்சைத் தோளை இரண்டாம் தரமென்று ஒதுக்கும் வியாபாரி, தான் எதை ஒதுக்குகிறோம் என்று அறியமாட்டார்.

2017இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில் பழையதும் புதியதும் காட்டினமுமாக 398 வகைத் தக்காளிகளை ஆராய்ந்தனர். சுவைக்கும் மணத்துக்கும் காரணமான வேதிப்பொருள்கள் பல, இன்றைய வணிக ரகங்களில் பழைய ரகங்களைவிடக் குறைவாக இருப்பதை அது காட்டியது. வேண்டுமென்றே யாரும் சுவையைக் குறைக்கவில்லை. எடையையும் உறுதியையும் அளந்தார்கள்; சுவையை அளக்கவில்லை. அளக்காதது மெல்ல நழுவிவிட்டது.

நம் சமையலுக்குரிய காரணமும் ஒன்று உண்டு. உள்ளூர்ப் பழத்தில் அறைகள் பல, சாறு மிகுதி, தோல் மெல்லியது, புளிப்பு தூக்கல். கையால் பிசைந்தாலே ரசத்துக்குக் கரைந்துவிடும். நீள்வடிவப் பழத்தில் சதை தடிப்பு, சாறு குறைவு. அது துண்டு போட நல்லது, லாரிக்கு நல்லது, ஒரு வாரம் வைத்திருக்க நல்லது. ரசத்துக்கு அதைக் கொண்டால் புளியைக் கூட்டிக் கரைக்கவேண்டியிருக்கிறது. நம் விடுதி ரசத்தைப் பற்றி இதற்குமேல் எழுதினால் விடுதிக் காப்பாளர் கோபித்துக்கொள்வார், நிறுத்திக்கொள்கிறேன்.

மறுப்போர்க்கு விடை

என் கருத்தை மறுக்கும் நண்பர்கள் மூன்று வாதங்களைச் சொல்லக்கூடும்.

முதலாவது, விளைச்சல். தக்காளி உற்பத்தியில் சீனாவுக்கு அடுத்து உலகில் இரண்டாம் இடம் நம் நாட்டுக்கு. ஆண்டுக்கு ஏறத்தாழ 2 கோடி டன். பழைய ரகங்களைக் கொண்டு இதைச் செய்ய முடியுமா என்பர். முடியாது என்றே நானும் சொல்வேன். எல்லா வயலிலும் நாட்டு ரகம் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எல்லா வயலிலிருந்தும் அது போய்விடக்கூடாது என்றே கேட்கிறேன்.

இரண்டாவது, நோய். நாட்டு ரகத்தை நோய் அண்டாது என்று மேடையில் பேசுவோர் உண்டு. அது உண்மையன்று. வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருள் நச்சுயிரி நோய் நாட்டுச் செடியையும் சுருட்டும். 2014இல் இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட தென் அமெரிக்க ஊசிப்புழுவும் ரகம் பார்த்துத் தின்பதில்லை. பெங்களூர் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் அர்கா ரக்ஷக் போன்ற வீரிய ஒட்டு மூன்று நோய்களைத் தாங்குகிறது என்றால் அது பாராட்டுக்குரியது. ஆனால் ஒன்றைக் கேட்கிறேன். நோயைத் தாங்கும் மரபணுக்கள் எங்கிருந்து எடுக்கப்படுகின்றன? யாருக்கும் வேண்டாதவை என்று கிடந்த காட்டுத் தக்காளிகளிலிருந்தும் பழைய இனங்களிலிருந்துந்தானே? 1962இல் பெரு நாட்டு மலைப்பகுதியில் ஹியூ இல்டிஸ் என்னும் தாவரவியலார் களைபோலக் கிடந்த ஒரு தக்காளிச் செடியின் விதைகளைச் சேகரித்து, கலிபோர்னியாவில் இருந்த சார்ல்ஸ் ரிக் என்னும் அறிஞருக்கு அனுப்பினார். 1976இல் அது புதிய இனமென்று அறிவிக்கப்பட்டது. அந்தச் சிறு பச்சைப் பழத்தின் குணத்தைப் பெரும் பழத்தில் ஏற்றியபோது பழத்தின் கரைதிடப்பொருள் உயர்ந்தது. அமெரிக்கத் தக்காளித் தொழிலுக்கு அதன் மதிப்பு ஆண்டுக்குப் பல லட்சம் டாலர் என்று கணக்கிட்டார்கள். எந்த விதை என்றைக்கு உதவும் என்று எவராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. பட்டினி கிடந்தாலும் விதைநெல்லை உண்ணாத மரபு நம்முடையது. அந்த மரபு தக்காளிக்கும் பொருந்தும்.

மூன்றாவது, இது பழமைப் பற்று என்பது. இதற்கு இத்தாலி விடை சொல்லட்டும். நேப்பிள்ஸ் நகருக்கு அருகில் விளையும் சான் மர்சானோ தக்காளி நோயாலும் புது ரகங்களின் வரவாலும் அழியும் நிலைக்கு வந்தது. காத்துவைத்த விதையைக் கொண்டு அதை மீட்டனர். 1996இல் ஐரோப்பிய ஒன்றியம் அப்பெயருக்குக் காப்பு அளித்தது. இன்று அது உலகெங்கும் நல்ல விலைக்குப் போகிறது. நம் தேனி மாவட்டத்திலேயே கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதுவும் பழமைப் பற்றா? பழையது பிழைத்தால் பணமும் வரும் என்பதற்கு இவை சான்று. ஆனால் ஒன்று. குறியீடு பெயருக்குத்தான் கிடைக்கும். பெயரைத் தாங்க விதை இருக்கவேண்டும். விதை இல்லாத ஊருக்கு முத்திரை எதற்கு?

நாம் செய்யத்தக்கது

அரசு செய்யட்டும், பல்கலைக்கழகம் செய்யட்டும் என்று முடித்துவிடுவது கட்டுரை எழுதுவோர்க்கு எளிது. நம் கல்லூரி செய்யத்தக்கதை நான் சொல்லுகிறேன்.

நம் தாவரவியல் தோட்டத்தில் ஒரு சென்ட் நிலம் ஒதுக்கினால் போதும். 60 சென்டிமீட்டருக்கு 45 சென்டிமீட்டர் இடைவெளியில் அதில் 150 செடிகள் நடலாம். ஒரு செடிக்குப் பத்துப் பழம் மட்டும் விதைக்கு எடுத்து, பழத்துக்கு நூறு விதை என்று கொண்டால் ஒன்றரை லட்சம் விதை. ஒரு கிராமில் ஏறத்தாழ 300 விதை இருக்கும். ஆக, அரைக் கிலோ. ஓர் எக்டேருக்கு ரக விதை 300 முதல் 350 கிராம் போதும் என்பது பல்கலைக்கழகப் பரிந்துரை. ஒரு சென்ட் தோட்டம் ஓர் எக்டேர் நிலத்துக்கு மேல் விதை கொடுக்கும் என்பது இக்கணக்கின் முடிவு. கோடி ரூபாய்த் திட்டம் எதுவும் தேவையில்லை. வேண்டியது ஒரு சென்ட் நிலமும் ஒரு மண்சட்டியும் கொஞ்சம் சாம்பலுமே.

விதையை எங்கே தேடுவது? நாம் ஒவ்வொருவரும் ஏதோ ஓர் ஊரிலிருந்து வருகிறோம். நாட்டு நலப்பணித் திட்டம் 1969 முதல் கல்லூரிகளில் நடந்துவருகிறது. முகாமுக்குப் போகும் ஊர்களில் மரம் நடுகிறோம், தெருக் கூட்டுகிறோம். அதோடு, கொல்லைப்புறத்தில் தானாக முளைத்து நிற்கும் தக்காளியைப் பற்றிப் பாட்டிமாரிடம் கேட்டு, விதை வாங்கி, ஊரின் பெயரும் ஆண்டும் எழுதிய உறையில் கொண்டுவந்து சேர்ப்போம். அவற்றுள் பல பழைய இனமாக இராது. கடைப் பழத்திலிருந்து விழுந்து முளைத்தவையும் இருக்கும். இரண்டு மூன்று தலைமுறை வளர்த்துப் பார்த்தால் குணம் பிரிவது எது, பிரியாதது எது என்று தெரிந்துவிடும். மெண்டலின் விதியைப் படிக்க இதைவிட நல்ல செய்முறை வகுப்பு உண்டோ?

நிலைத்த குணம் உடையவை கிடைத்தால் இரண்டு வேலை செய்யலாம். 1976 முதல் புதுதில்லியில் தேசியத் தாவர மரபுவளப் பணியகம் இயங்குகிறது. அதன் விதைக் களஞ்சியத்துக்கு ஒரு பங்கை அனுப்பலாம். பயிர் ரகங்கள் மற்றும் உழவர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் 2001இல் இயற்றப்பட்டது. உழவர் ரகத்தை அவ்வூர் மக்களின் பெயராலேயே பதிவு செய்ய அச்சட்டம் வழி வைத்திருக்கிறது. விதையைச் சேமிக்கவும், மீண்டும் விதைக்கவும், பகிர்ந்துகொள்ளவும், வணிகப் பெயரிடாமல் விற்கவும் உழவனுக்கு உரிமை உண்டென்று அது எழுதியும் வைத்திருக்கிறது. சட்டத்தில் உரிமை இருக்கிறது. கையில் விதை இல்லை. இந்த இடைவெளியை நிரப்ப நம் போன்ற கிராமப்புறக் கல்லூரிகளைவிடத் தகுந்தவர் யார்?

பல்கலைக்கழகத்துக்கும் ஒரு வேண்டுகோள். உள்ளூர் இனத்திலிருந்து உருவாக்கிய ஒவ்வொரு ரகத்தின் விதைப் பையிலும் அந்தத் தாய் இனத்தின் பெயரையும் அச்சிட வேண்டுகிறோம். மை அதிகம் செலவாகாது. அன்னஞ்சி என்ற சொல்லைப் பார்க்கும் அன்னஞ்சிச் சிறுவன் ஒருவன், தன் ஊர் தமிழ்நாட்டுக்கு ஒரு பழத்தைக் கொடுத்தது என்று அறிந்துகொள்வான். அவன் நாளைக்கு வேளாண்மை படிக்க வரலாம்.

இயந்திரத்தையும் சொட்டுநீரையும் புது ரகத்தையும் வரவேற்போம். ஆனால் சேமிப்பே இல்லாத வருமானம் எப்படி ஒரு குடும்பத்துக்குப் பாதுகாப்பு ஆகாதோ, அப்படியே விதைச் சேமிப்பு இல்லாத விளைச்சலும் ஒரு நாட்டுக்குப் பாதுகாப்பு ஆகாது. ஆடிப்பட்டம் தேடி விதை என்றனர் முன்னோர். பட்டம் ஆண்டுதோறும் தவறாமல் வருகிறது. அப்போது நம் கையில் நம் விதை இருக்கவேண்டும். வரும் ஆடிக்குள் தாவரவியல் தோட்டத்தில் அந்த ஒரு சென்ட் நிலத்தை எங்களுக்குத் தந்துதவ வேண்டுமென்று முதல்வர் அவர்களையும் துறைப் பேராசிரியப் பெருமக்களையும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். மண்சட்டியை நான் வீட்டிலிருந்து கொண்டுவருகிறேன்.